நிக்கலுக்கும் காபனுக்கும் நடுவே ஒரு போத்தல் பொற்றாசியம்

1. அனுப்பியது

கொழும்பிலிருந்து திரும்பும் வழியில் கடுகண்ணாவைச் செக்பொயின்டில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கியபோது, என் பையில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் உலோகம் ஒன்று இருந்தது. வெளியே மழை. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். யுத்த காலத்தில் இதைவிடப் பொருத்தமாக ஒருவன் மாட்டிக்கொள்ள முடியாது.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுகூட டெக்னீஷியன். எங்கள் பேராசிரியர் நிக்கல் தகட்டைச் சூடாக்கி, அதன்மேல் ஒரே ஓர் அணு தடிப்பில் காபன் தாள் வளர்ப்பார். வளர்ப்பதில் சிக்கல் இல்லை. வளர்ந்த தாளை நிக்கல் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும். காபனின் சொந்தக் குணம் அமுங்கிப்போகும். பொற்றாசியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிவிட்டால், அதன் அணுக்கள் தாளுக்கு அடியில் நுழைந்து பிடியைத் தளர்த்தும். தாளும் கிழியாது. இதுதான் ஆராய்ச்சி.

தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கும் அந்தப் பொற்றாசியம் கொழும்பில் ஒரு முகவரிடம் வந்திருந்தது. யார் போய் எடுப்பது?

"உமக்கென்ன பயம்? நீர் மலையகத்தான். யாழ்ப்பாணத்தாரைத்தான் அவங்கள் பிடிப்பாங்கள்," என்றார் பேராசிரியர். எந்தத் தமிழன் எந்த ஊர் என்று பிரித்துப் பார்க்கும் கருவி ராணுவத்திடம் இருப்பதாக அவ்வளவு படித்த மனிதர் நம்பினார்.

2. பிடிபட்டது

எண்ணெயில் மூழ்கிய உலோகத்தோடு, வாயை உருக்கி அடைத்த கண்ணாடிப் போத்தல். சார்ஜன்ட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சிங்களத்தில் கேட்டார்: "இது என்ன?"

"ஆராய்ச்சிச் சாமான் சேர். எங்க பேராசிரியரைக் கேளுங்க."

உண்மையைச் சொன்னால் பூசா தடுப்பு முகாம். மறைத்து, அவர் போத்தலைத் திறந்தால் அதைவிட மோசம். சார்ஜன்ட் பேராசிரியருக்குப் போன் போட்டார். பேசிவிட்டு வந்தவர் முகம் நிறையச் சிரிப்பு.

"உரமாமே! வாசலில் மிளகாய்க் கன்று வைத்திருக்கிறேன். எனக்கும் கொஞ்சம் தா." போத்தலின் கழுத்தை உடைக்கக் கத்தியை எடுத்தார். வாசலில் கன்றுகள் மழையில் சொட்டச் சொட்ட நின்றன.

நான் குறுக்கே கத்தினேன்.

"வேணாம் சேர்! மிளகாய்க்குப் போட்டா கருகிப்போயிடும். இது தேயிலைக்கு மட்டும்தான். நான் கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன், எனக்குத் தெரியாதா?"

கருகும் என்பது பொய்யில்லை. கன்றோடு சார்ஜன்டும் கருகியிருப்பார்.

"தோட்டத்து ஆளா? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே." போத்தலைத் திருப்பித் தந்தார். தோட்டத்தானுக்கு உரத்தைத் தவிர வேறென்ன தெரியும் என்று அவரும் நினைத்துக்கொண்டார். அந்த அலட்சியம் அன்று என்னைக் காப்பாற்றியது. அதற்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

3. நுழைந்தது

"பாத்தீரே, உம்மை ஒண்டும் செய்யமாட்டாங்கள் எண்டு சொன்னனானெல்லோ!" என்றார் பேராசிரியர்.

"ஏன் சேர் உரம்னு சொன்னீங்க?"

"பின்னை? உரத்திலயும் பொற்றாசியம் கிடக்குத்தானே. வெடிக்கிற சாமான் எண்டு சொன்னா என்னையுமெல்லோ கூப்பிட்டிருப்பாங்கள்."

ஆத்திரத்தோடேயே போத்தலை வெற்றிடச் சேம்பரில் பொருத்தினேன். பொற்றாசியம் சமர்த்தாக அடியில் நுழைந்தது. நிக்கல் பிடியை விட்டது. தனித்த காபன் தாளுக்கு உரிய அளவீடு திரையில் வந்தது. பட்டர் கேக் வெட்டினோம். கருத்தரங்கில் ஒருவர் கேட்டார், "பொற்றாசியம் எப்படிக் கிடைத்தது?" பேராசிரியர் மைக்கில் சொன்னார்: "சரியா அலைஞ்சு எடுத்தனாங்கள்."

அடுத்த மாதம் இன்னொரு போத்தல் கொழும்புக்கு வந்தது. "ஒருக்கா போட்டு வாருமன்," என்றார்.

"போறேன் சேர். செக்பொயின்ட்ல இருந்து போன் பண்ணினா இந்தத் தடவை என்ன சொல்லுவீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். அவர் துடைத்து முடிக்கும் வரை நான் நிற்கவில்லை. கொழும்புக்கும் போகவில்லை.

இப்போது வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பெரியவர்கள் எதையாவது சுமக்கச் சொன்னால், அது எவ்வளவு ஆபத்து என்று கேட்காதீர்கள். அதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டால் போனில் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள்.