ஸ்ரீயும் பதினோரு ஈர்களும்

போன சனிக்கிழமை, முகம் தெரியாத ஒருவர் என் தலையில் பேன் இருக்கிறது என்று பதினோரு தடவை எழுதி அனுப்பினார்.

அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறவள் நான். எந்த மனுவாக இருந்தாலும் எங்கள் தாலுகா 'ஸ்ரீபெரும்புதூர்' வராமல் இருக்காது. நாங்கள் வைத்திருப்பது இலவசத் தமிழ் கீபோர்டு. ஊர் உலகத்தில் யார் யாரோ சேர்ந்து சும்மா எழுதித் தருவது. அதில் 'ஸ்ரீ' மட்டும் இரண்டு துண்டாக விழும். எங்கள் முதலாளி எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஊர் பேரே ஒடைஞ்சிகினு கீது" என்பார்.

இரண்டு மாதம் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு, அதைச் சரிசெய்ய ஏழு வரி கம்ப்யூட்டர் கோட் எழுதினேன். கீபோர்டு எழுதுகிறவர்களுக்கு அனுப்பினேன். அங்கே பழைய ஆள் ஒருவர் பார்த்து ஓகே சொன்னால்தான் சேரும். ரிவ்யூ என்று பெயர்.

ஏழு வரிக்குப் பதினோரு குறிப்பு. இங்கே ஒரு ஸ்பேஸ் அதிகம்... அங்கே ஒரு கமா குறைவு... ஒவ்வொன்றின் தலையிலும் 'நிட்' என்று ஒரு வார்த்தை. டிக்‌ஷனரியைப் புரட்டினேன். ஈர். பேன் முட்டை.

உடம்பு கூசிவிட்டது. ஏனென்றால், பேன் இருந்தது உண்மை.

ஒன்பதாவதில் என் கட்டுரை நோட்டு முழுக்கச் சிவப்பு வட்டமாக வந்தது நினைவுக்கு வந்தது. ஒற்று, கால், கொம்பு... எல்லாவற்றுக்கும் வட்டம் இருந்தது. கட்டுரை எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டேன்.

இந்த ஏழு வரியையும் அழித்துவிடலாம் என்று முடிவு செய்துதான் ரூமுக்குப் போனேன்.

ஞாயிறு காலை, ரூம்மேட் செல்வி கேட்டாள். தூத்துக்குடிக்காரி, செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறவள்.

"என்னட்டி, மூஞ்சி செத்துக் கெடக்கு?"

"எனக்குப் பேன் இருக்காம்."

"இருக்குல்லா? இதுக்கு இன்டர்நெட்டுல ஆள் வச்சுப் பாக்கணுமாக்கும். உக்காரு, நான் பாக்கேன்."

மொட்டை மாடியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். ஈருளியை இழுத்துக்கொண்டே கேட்டாள்:

"சரி, அந்த 'ஸ்ரீ' சரியா வருதா இல்லியா? அதுக்கு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"அத மொதல்ல கேளு. அத விட்டுட்டு அழிக்கப் போறாளாம்." ஈருளியை எடுத்தாள். "கழுத்து வலிக்கா? செத்த நிமிந்துக்கோ."

திங்கட்கிழமை கடை திறந்ததும் ஒரே வரி எழுதினேன் — 'ஸ்ரீ' சரியாக வருகிறதா?

பத்து நிமிஷத்தில் பதில். "வருகிறது. முதலில் அதைத்தான் சோதித்தேன். சரியாக இருந்ததால்தான் சின்ன விஷயங்களுக்குப் போனேன். 'நிட்' என்றால் பொடி விஷயம், விட்டாலும் பரவாயில்லை."

முதலில் சோதித்தாராம்! அதை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு நாள் நான் சோறு இறங்காமல் கிடந்தேனே...

அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் பத்து சரிதான், திருத்தினேன். பதினோராவது — சோதனைச் சொல்லாக நான் வைத்திருந்த 'ஸ்ரீபெரும்புதூர்' நீளமாம், சின்னதாக வேறு சொல் வைக்கலாமாம். 'அது எங்கள் ஊர், இருக்கட்டும்' என்று எழுதினேன். 'சரி' என்றார். புதன்கிழமை சேர்ந்துவிட்டது.

முதலாளி டைப் அடித்துப் பார்த்தார். "ஒட்டிக்கிச்சே" என்றார். அவ்வளவுதான்.

எனக்கென்னவோ இப்படி எழுதியதை அழித்துவிட்டுப் போனவர்கள்தான் நினைவில் நிற்கிறார்கள். 'அத மொதல்ல கேளு' என்று சொல்ல ஒரு செல்வி இல்லாதவர்கள் எத்தனை பேரோ.

பேன் பார்ப்பது அக்கறைதான், மறுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு தடவையாவது கேட்டுவிடுங்கள் — கழுத்து வலிக்கிறதா என்று.