முற்றத்துக் கல்லுக்கு ஆற்றுமணல்

பூதப்பாண்டிப் பக்கம் மழை வருஷத்துக்கு இரண்டு தடவை ஒழுங்காக வந்துவிடும். அந்த வருஷம் எங்கள் முற்றத்துச் சேற்றில் அம்மா வழுக்கி விழுந்ததும் இரண்டு தடவை. இரண்டாவது தடவை கை பிசகிவிட்டது. சேதி கேட்ட மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், மறுவாரமே வண்டி வண்டியாகக் கருங்கல் பலகைகளை அனுப்பிவைத்தார். தங்கைக்குப் புடவை கொடுப்பார்கள், பாத்திரம் கொடுப்பார்கள். கல் கொடுத்தது எங்கள் மாமா ஒருவராகத்தான் இருக்கும். எனக்கு அப்போது ஏழெட்டு வயது.

கல் பாவுவதில் யாருக்கும் மறுப்பு இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. அப்பாவுக்கு நாகர்கோவிலில் புதிதாக வந்திறங்கியிருந்த சிமெண்டின் மேல் ஆசை. எங்கள் தெருவில் யாரும் அதுவரை அதை வாங்கவில்லை என்பதே அதன் முதல் குணம். கொத்தனாரோ, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்துதான் சரி என்றார். நான் கொத்தனார் கட்சி. அவர் கருப்பட்டி உடைக்கும்போது பக்கத்தில் நின்றால் ஒரு துண்டு கிடைக்கும்.

அம்மா மட்டும் ஆற்றுமணல் போதும் என்றாள். கொத்தனார் சிரித்தேவிட்டார். மழை அரித்துக்கொண்டு போகும், புல் முளைக்கும், எறும்பு கூடு வைக்கும், மிதித்தால் கல் ஆடும் என்று அடுக்கினார். பின்னால் எல்லாம் அப்படியேதான் நடந்தது.

அப்பாவின் தங்கை அடுத்த தெருவில் இருந்தாள். அந்த அத்தை தினமும் வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போவாள். “சாந்தே வைங்கண்ணே. நாளப்பின்ன நம்ம பிள்ளைகளுக்குள்ள வீடுல்லா, கெட்டியா இருக்கட்டும்,” என்றாள் ஒருநாள். நம்ம பிள்ளைகள் என்றால் நானும் என் தம்பியும் என்று எடுத்துக்கொண்டேன். பெற்றவளுக்கு இல்லாத அக்கறை அத்தைக்கு இருக்கிறதே என்று அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் சாதியில் அப்போது மருமக்கள்வழி. அப்பாவுக்குப் பிறகு வீடும் வயலும் அத்தையின் மகன்களுக்குப் போகும். அம்மாவும் நாங்களும் கொடுப்பதை வாங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டியதுதான். சட்டம் மாறியதெல்லாம் பிற்பாடு. இது ஊரறிந்த விஷயம். எனக்குத்தான் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று அத்தை போனதும் அப்பா சத்தம் போட்டார். “மணலைப் போட்டா ஊரு சிரிக்கும். பிசுநாறின்னு சொல்லுவான். ஒனக்கு என்னதான் வேணும்?”

அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. “எங்க அண்ணன் எனக்குத் தந்த கல்லுல்லா. சாந்து வச்சா அது வீட்டோட ஒட்டிப்போவும். மணலுன்னா, எடுக்க வேண்டிய காலத்துல லேசா பேத்து எடுத்துக்கிடலாம்.”

வெற்றிலைச் செல்லத்தைத் திறந்த அப்பா வெற்றிலை போடாமலே மூடிவைத்தார். கோபம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து நான் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் பழையாற்று மணல் வந்து இறங்கியது. அத்தை கேட்டதற்கு, தனக்கு மணல்தான் பிடித்திருக்கிறது என்று அப்பா சொன்னார். அத்தை பிறகு கொஞ்ச நாள் வரவில்லை. கொத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மட்டம் பார்த்துக் கல்லைப் போட்டுவிட்டுப் போனார். மணலை அப்பாவே துடைப்பத்தால் இடுக்குகளில் தள்ளி நிரப்பினார். அவர் துடைப்பம் பிடித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

எனக்கு ஒரே குஷி. கூரைக்கு ஓலை மாற்றுவதுபோல இந்தக் கல்லையும் வருஷா வருஷம் எடுத்துப் போடுவார்கள் என்று நினைத்துவிட்டேன். அப்பாவின் பின்னாலேயே நடந்து கேட்டேன். “எப்பம்பா நாம இந்தக் கல்லைப் பேத்து எடுப்போம்?”

துடைப்பம் நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு, “பைய எடுக்கலாம் மக்கா. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை,” என்று சிரித்தார்.

அம்மா விறுவிறுவென்று வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையோடு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளே அவள் அழுவது கேட்டது. அடி வாங்கியவள் நான் இங்கே சும்மா நிற்கும்போது அடித்தவள் எதற்கு அழுகிறாள் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் குனிந்து மணலைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.