பின்னுக்குப் போகும் வண்டி

மாமி அந்தச் சிறிய ட்ராக்டரின் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்த கோலம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கண்டி நகரில், பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் ஒருவருடைய முற்றம் அது. சேலைக் கொய்யக மடிப்பை முழங்காலுக்கு நடுவே இறுக்கிச் செருகி, கைப்பையை மடியில் வைத்து, ஒரு கையால் கியர்த் தடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. பஸ் ஏறுவதற்கு முன்பே அதை உரித்துக் கைப்பையின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுவார். திரும்பி வீட்டுக் கேற்றைத் தாண்டியதும் எடுத்து வைத்துக்கொள்வார். "தம்பி, இது பின்னுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டார். விற்பவர் பொறுமையான ஒரு முஸ்லிம் மனிதர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ரிவர்ஸ்ல ஆரு மிஸ் தோட்ட வேல செய்யப் போறாங்க?" என்றார். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். மாமி சிரிக்கவில்லை. "நீர் போட்டுக் காட்டும்" என்றார்.

மாமி என் கணவரின் தாயார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அரசாங்க உத்தியோகத்தரான மாமாவைக் கட்டி, கண்டிக்கு வந்து, பிறகு அங்கேயே ஊன்றிவிட்டவர். மாமா ஓய்வு பெற்ற காசில் ஹேவாஹெட்ட வீதிக்கு மேலே ஒரு காணி வாங்கியிருந்தார். வீதியோரம் கொஞ்சம் தேயிலை, நடுவில் மிளகும் கோப்பியும், உச்சியில் வீடு, வீட்டுக்குப் பின்னால் வேலையாட்கள் குடியிருந்த லயம். வீதியிலிருந்து வீட்டுக்கு ஏறும் பாதை ஒரு வண்டி போகும் அகலந்தான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். மாட்டெரு ஏற்றவும் கொழுந்து இறக்கவும் விறகு இழுக்கவும் ட்ராக்டர் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. மாமா காலமானபின் எல்லாவற்றையும் மாமிதான் பார்த்தார். இருந்த கிழட்டு ட்ராக்டர் ஒரு மழைக்காலத்தோடு படுத்துவிட்டது. அதனால்தான் அந்த முற்றத்துக்கு அலைந்தோம்.

அங்கே இரண்டு வண்டிகள் நின்றன. பெரியது சீமையில் செய்தது, யானை மாதிரி எடை. அதன் கியர் பழைய வகை. முன்னுக்குப் போவதை விட்டுப் பின்னுக்குப் போக வேண்டுமென்றால் வண்டியை முற்றாக நிறுத்தி, கிளச்சை மிதித்து, உள்ளே பல்லோடு பல் பொருந்தும்வரை காத்திருந்து தடியைத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் கரகரவென்று பல் கடிக்கும், கியர் விழாது. சிறியது ஜப்பான் வண்டி. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டித் தடி. முன்னே தள்ளினால் முன்னுக்கு, பின்னே இழுத்தால் பின்னுக்கு, கடிபாடு இல்லை. என் கணவரும் எங்கள் டிரைவரும் விற்பவரும் மூன்று பேருமாகப் பெரியதைத்தான் வாங்கச் சொன்னார்கள். பாரம் ஏற்றிய இழுவைப் பெட்டியோடு மலையில் இறங்கும்போது பெட்டி பின்னாலிருந்து தள்ளும், வண்டிக்கு எடை இருந்தால்தான் தாங்கும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். அவ்வளவும் நியாயமான பேச்சு. மாமி தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சின்னதை வாங்கினார். என் கணவருக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டாம். இரண்டு நாள் தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

காரணத்தை மாமி எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல். தமிழருக்கு எதிராக நடந்த முந்தைய கலவரத்தில் மாமாவும் அவருமாகக் காரில் நகரத்து ஒழுங்கையொன்றுக்குள் திரும்பியிருக்கிறார்கள். ஒழுங்கையின் மறுமுனையில் ஒரு கூட்டம் யாருடைய கடையையோ உடைத்துக்கொண்டிருந்தது, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மாமா பின்னுக்கு எடுக்கப் பார்த்தார். அவசரத்தில் கியர் விழவில்லை. கடித்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் கூட்டம் திரும்பிப் பார்த்தது. "அவையள் எங்களைக் காணேல்லைப் பிள்ளை. சத்தம்தான் கூப்பிட்டது" என்றார் மாமி. மாமாவை உயிரோடு விட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவருடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பவேயில்லை. சாகும்வரை மாமிதான் சீப்பெடுத்து அவருக்குத் தலை இழுத்துவிட்டார். இதைக் கேட்டபின் நான் அந்தக் குட்டித் தடியைப் பற்றிச் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் பயம் எங்களோடு ஒரே வீட்டில் குடியிருந்தது. வடக்கில் ஏதாவது நடந்தது என்று வானொலி சொன்னால் இங்கே நாங்கள் கேற்றைப் பூட்டுவோம். நகரத்தில் தமிழில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கே யோசிப்போம். மாமி ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார். கலவரம், கரைச்சல் என்று வந்தால் பெட்டியைக் கழற்றிவிட்டு வெறும் ட்ராக்டரில் வீதிக்கு இறங்குவது. கீழே ஆட்கள் நின்றால் அப்படியே பின்னுக்கு ஏறி, முற்றத்தில் திருப்பி, லயத்துக்குப் பின்னால் போகும் ஒற்றைத் தடத்தால் மேலே பெரிய தோட்டத்துக்குப் போய்விடுவது. பெட்டியோடு அந்தத் தடத்தில் ஏற முடியாது, சின்ன வண்டி தனியாக ஏறும். டிரைவருக்கு ஓர் இருக்கை, இரண்டு மட்கார்ட்டிலும் மாமியும் நானும், பின்னால் தொற்றிக்கொண்டு என் கணவர். அவ்வளவுதான் திட்டத்தில் இருந்தவர்கள். லயத்தில் குடியிருந்த சனம் அந்தக் கணக்கில் இல்லை. அப்போது எனக்கும் அது உறைக்கவில்லை.

வேலை முடிந்த பின்னேரங்களில் டிரைவரைக் கூப்பிட்டு, கேற்றிலிருந்து வீடுவரை பின்னுக்கு ஓட்டிப் பழகச் சொல்வார். மட்கார்ட்டில் தானும் ஏறிக் குந்திக்கொள்வார். லயத்துச் சனம் வேலை மெனக்கெட்டு வந்து நின்று வேடிக்கை பார்க்கும். டிரைவரின் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். இடுப்பில் பிள்ளையோடு நின்று, "ஏங்கம்மா, எல்லாரும் முன்னால போறதுக்குத்தானே வண்டி வாங்குவாங்க? நம்ம வண்டி மட்டும் ஏன் வெக்கப்பட்டுக்கிட்டுப் பின்னாலயே போவுது?" என்பாள். "உன்ரை வாய்க்கும் ஒரு பின் கியர் போடோணும்" என்பார் மாமி. எல்லோரும் சிரிப்பார்கள். இத்தனை பழகியும், பெட்டியைப் பூட்டிக்கொண்டு பின்னுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. திட்டத்தில் பெட்டி இல்லையே, எதற்குப் பார்க்க வேண்டும்?

அந்தக் கரைச்சல் வந்த நாளில் என் கணவர் கொழும்பில் இருந்தார். எனக்கு வயிற்றில் பிள்ளை. காலையிலேயே நகரத்துப் பக்கம் புகை எழும்பியது. முதலில் ஒன்று, பிறகு அங்கங்கே. மலையில் நின்று பார்த்தால் சத்தம் கேட்காது, புகை மட்டும் நேராக ஏறும். டிரைவர் எருப் பெட்டியைப் பூட்டியபடியே ட்ராக்டரை முற்றத்துக்குக் கொண்டுவந்தார். பெட்டியைக் கழற்ற அவர் குனிந்தபோது லயத்துச் சனம் முழுவதும் ஓடிவந்தது. கீழ்த் தோட்டத்து லயத்துக்கு நெருப்பு வைத்துவிட்டார்களாம். கிழடுகட்டைகள், குழந்தைகள், குழந்தை பெற்றுச் சில நாட்களே ஆன ஒரு பெண். முற்றத்தில் வந்து நின்று மாமியின் முகத்தைப் பார்த்தார்கள். மாமி ஒருதடவை மேல் தடத்தைப் பார்த்தார். "கழட்டாதை. ஏறுங்கோ எல்லாரும்" என்றார்.

பெட்டியோடு இனி அந்த மேல் தடத்தால் போக முடியாது. வீதிக்கு இறங்கி, பொலிஸ் நிலையம்வரை போனால்தான் உண்டு. பெட்டி நிறைய மனிதர்களோடு இறங்கினோம். அந்த மூன்று பேரும் சொன்னதுபோலவே பெட்டி சின்ன வண்டியைத் தள்ளியது. டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். வீதி தெரியும் வளைவுக்கு வந்தபோது கண்டோம், நல்ல தூரம் கீழே கேற்றடியில் ஒரு மரத்தைக் குறுக்கே தறித்துப் போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் ஆட்கள், கைகளில் தடிகள். எங்களைக் கண்டதும் ஒருவன் கையை உயர்த்தினான். டிரைவர் குட்டித் தடியை இழுத்தார். வண்டி ஒரு கடிபாடும் இல்லாமல் பின்னுக்குப் பாய்ந்தது. பெட்டி பாயவில்லை. கத்தி மடிவதுபோல மடங்கிப் பாதைக்குக் குறுக்கே நின்றது. ஒரு பக்கச் சில்லு சுழன்றபடி பள்ளத்தின் மேல் அந்தரத்தில் தொங்கியது. பெட்டிக்குள் எழுந்த அலறலை நான் எழுதப் போவதில்லை. அம்மாளாச்சி, இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"எனக்குப் பயமாக் கிடக்குது" என்றார் மாமி, சத்தமாக, எல்லோருக்கும் கேட்க. அப்படி அவர் சொல்லி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. மறுகணமே, "இறங்குங்கோ! பிள்ளையளை முதல் இறக்குங்கோ!" என்று கத்தினார். சனம் குதித்தது. டிரைவர் பெட்டியைப் பூட்டியிருந்த இரும்பு ஆணியைக் கல்லால் அடித்துக் கழற்றினார். எல்லோரும் சேர்ந்து பெட்டியைப் பள்ளத்துக்குள் தள்ளினோம், நானும் வயிற்றோடு. அது மிளகுக் கொடிகளை முறித்துக்கொண்டு உருண்டது. மாமி குழந்தை பெற்ற பெண்ணைக் கைக்குழந்தையோடு ஒரு மட்கார்ட்டில் தூக்கி இருத்தினார். மற்றதில் என்னை இருத்தினார். டிரைவர் கிழவர் ஒருவரைப் பின்னால் தொற்றவைத்தார். "அம்மா, நீங்களும் எப்படியாச்சும் ஏறுங்கம்மா!" என்று டிரைவர் கெஞ்சினார். மாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவரின் மனைவியும் பிள்ளையும் உட்பட மற்றச் சனத்தோடு தேயிலைக்குள் இறங்கிவிட்டார். வண்டி பின்னுக்கு ஏறியது. நான் முன்னால் பார்த்தபடி பின்னால் போய்க்கொண்டிருந்தேன். மரத்தைத் தாண்டி ஆட்கள் பாதையில் ஏறுவதையும், மாமி போன இடத்தில் தேயிலைச் செடிகள் அசைவதையும் பார்த்துக்கொண்டே போனேன். பிறகு வளைவு மறைத்துவிட்டது. முற்றத்தில் டிரைவர் வண்டியைத் திருப்பி மேல் தடத்தில் ஏற்றினார். பெரிய தோட்டத்தை அடைந்தபோது எங்கள் வீடு எரியும் புகை ஹந்தானை மலைப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

பெரிய தோட்டத்துக்காரர்கள் எங்களைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் சனம். நான் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். டிரைவர் மனைவியையும் பிள்ளையையும் காணாமல் சுவரோடு தலையை முட்டிக்கொண்டிருந்தார். வெயில் சாயும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள், ஒருவர் குறையாமல். மாமியை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தலையில் கொழுந்துக்காரிகள் போடும் சாக்கு, வெறுங்கால், இடுப்பில் டிரைவரின் பிள்ளை.

அந்த ராத்திரியே எனக்குச் சொன்னார். தியாகம் ஒன்றும் இல்லையாம். "பயத்திலைதான் இறங்கினனான் பிள்ளை. அவங்கள் காணிக்காரியைத்தானே தேடுவாங்கள். வண்டியிலை இருந்தா ஆளைத் தெரியும். சனத்துக்குள்ளை நடந்தா ஆர் கண்டது?" இதை அவர் கண்ணீரோடு சொல்லவில்லை. வெட்கத்தோடு சொன்னார். ஓடைக் கரையில் ஒரு கூட்டம் அவர்களை மறித்திருக்கிறது. டிரைவரின் மனைவி தன் தலைச் சாக்கை மாமியின் தலைக்கு மாற்றி, பிள்ளையை அவர் இடுப்பில் திணித்துவிட்டு முன்னுக்குப் போய் நின்றிருக்கிறாள். "நோனா கோ?" என்று கேட்டார்கள். வீட்டுக்காரி எங்கே என்று. அத்தனை பேர் நின்றார்கள். ஒரு குழந்தைகூட மாமியைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவரின் மனைவிதான் கையை நீட்டி, நோனா ட்ராக்டரில் ஏறி மேலே போய்விட்டார் என்று சிங்களத்தில் சொன்னாள். கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது.

அந்தக் காணி இப்போது எங்களிடம் இல்லை. லயத்துச் சனத்தில் பாதிப்பேர் வவுனியாப் பக்கம் போனார்கள், மற்றவர்கள் எங்கெங்கோ. நான் குண்டசாலையில் இருக்கிறேன். அன்று வயிற்றில் இருந்தவளுக்கு இப்போது பெரிய பிள்ளைகள். தன் அப்பம்மா துணிச்சல்காரி, வண்டியில் தன் இடத்தை மற்றவர்களுக்குக் கொடுத்தவர் என்று அவர்களுக்குச் சொல்லி வளர்க்கிறாள். நான் குறுக்கே பேசுவதில்லை. மாமி இருந்த காலம்வரை வாசலில் ஏதாவது வாகனம் நின்றால் போதும், போய்க் கட்டிலுக்கு அப்பால் நிற்பார். சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். எனக்கும் இன்னும் வாகனம் நின்றால் முதலில் பின்கதவுதான் கண்ணில் படுகிறது.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்து விறாந்தையில் மாமி கேட்ட ஒரு கேள்வியை நான் மறக்கவில்லை. பிள்ளையைக் கீழே இறக்க அவருக்குக் கை வரவில்லை. இறுகிப்போயிருந்தது. இறக்காமலே டிரைவரின் மனைவியிடம் கேட்டார்: "மேலை போனது எண்டு ஏன் காட்டினனீ? அந்த வண்டியிலை உன்ரை மனிசனெல்லோ இருந்தவன்?"

"வண்டி ஓடும்மா. நீங்க ஓட மாட்டீங்களே" என்றாள் அவள். சொல்லிவிட்டு, சுவரோரம் நின்ற கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.