எடுக்காத ச்சோப்

போன மாதம், பினாங்கின் பத்து காவான் என்ற ஊரிலுள்ள எங்கள் தொழிற்சாலைக் கூட்டத்தில், மேலாளர் என்னைப் பார்த்து, நான் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டார். என்னையறியாமல் வலது கை உயர்ந்தது, கட்டைவிரல் நிமிர்ந்தது. "ச்சோப்" என்றேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன், கழுத்தில் அடையாள அட்டையோடு. என் வயதுக்காரர்கள் மூவர் சிரிப்பை அடக்க இருமினார்கள். இளைஞர்களோ நான் எதற்கோ சம்மதம் தெரிவித்துவிட்டதாக நினைத்துக் குறித்துக்கொண்டார்கள்.

பினாங்கு அடுக்குமாடிகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளையாட்டின் நடுவே மூச்சு வாங்கினாலோ, இடுப்பில் சிலுவார் அவிழ்ந்தாலோ, கட்டைவிரலைத் தூக்கி "ச்சோப்" என்று சொன்னால் போதும். உங்களை யாரும் அடிக்கக்கூடாது, தொடக்கூடாது. ஆட்டம் அப்படியே நிற்கும். மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லாரும் மறுபேச்சில்லாமல் மதித்த சட்டம் அது. அதை என்னைப் போல் பயன்படுத்தியவன் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் கிடையாது. பந்து என் பக்கம் திரும்பினால் ச்சோப். நாய் குரைத்தால் ச்சோப். ஐஸ்கிரீம் வண்டி மணியடித்தபோதும் ஒருமுறை போட்டிருக்கிறேன். அது மட்டும் பயத்தினால் அல்ல.

அப்போது நாங்கள் ஜார்ஜ்டவுனில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்தில் வேலை. ஞாயிறு வந்தால் கீழே இரண்டு புளோக்குகளுக்கு நடுவிலுள்ள திடலில் எங்களுக்கெல்லாம் தலைவர். இருபத்தேழு வயது ஆள் பத்து வயதுப் பிள்ளைகளோடு செருப்பு விளையாடுவது பற்றி அம்மாவுக்கு ஒரு கருத்து இருந்தது. அதை அவர் சாப்பாட்டு வேளைகளில் வெளியிடுவார். மாமா தட்டைப் பார்த்தபடி சிரிப்பார்.

செருப்பு விளையாட்டு எளிமையானது. மூன்று ஜப்பான் ரப்பர் செருப்புகளைக் கூடாரம்போல் சாய்த்து நிறுத்த வேண்டும். ஒரு கூட்டம் இன்னொரு செருப்பை வீசி அதைச் சரித்துவிட்டு, மறுபடி நிறுத்தப் பார்க்கும். எதிர்க்கூட்டம் அதற்குள் பந்தால் அவர்களை அடித்து விரட்டும். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு புள்ளி. பத்துப் புள்ளி முதலில் எடுத்தவர் வென்றவர். நான் எப்போதும் மாமா கட்சி. விசுவாசம் ஒன்றும் இல்லை. வேறு யாரும் என்னைச் சேர்க்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

மாமா கள்ளாட்டக்காரர். பந்து முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் வரும்போது ச்சோப் போட்டுவிட்டு, இல்லாத முள்ளைக் காலிலிருந்து எடுத்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் சண்டைக்கு வந்தபோது அவரே ஒரு துணைச் சட்டம் இயற்றினார். "போட்டவனே வந்து எடுக்கணும். அவன் எடுக்குற வரைக்கும் ஆட்டம் நிக்கும், ஒருத்தனும் எடத்த விட்டுப் போகக்கூடாது. வீடு தீப்பிடிச்சாலும் சரி." அன்று அவருக்கு வசதியாக இருந்தது.

பிறகு மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பாகான் டாலாமில் வீடு பார்த்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம். எனக்குக் கடல் தாண்டுவது என்றால் பாகான் டாலாமும் லண்டனும் ஒன்றுதான்.

சாமான் ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை, கட்டிலும் மேசை விசிறியும் லோரியில் ஏறிய பிறகு மாமா திடலுக்கு வந்தார். "இந்த ஒரு கேம். முடிஞ்சதும் நான் கெளம்பிருவேன்" என்றார். ஆட்டம் சூடு பிடித்தது. இரண்டு புளோக் மாடிகளிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒன்பதுக்கு ஒன்பது. வீசும் முறை எங்களுடையது. மாமா செருப்பை என் கையில் கொடுத்தார்.

"நீ வீசு, மாப்ள."

அந்தச் செருப்பு என் கையில் செங்கல் மாதிரி கனத்தது. சரித்தாலும் சரிக்காவிட்டாலும் இரண்டு நிமிடத்தில் யாராவது பத்து எடுத்துவிடுவார்கள். ஆட்டம் முடியும். மாமா லோரியில் ஏறுவார். அடுத்த ஞாயிறு என்னை யார் சேர்ப்பார்கள்? கட்டைவிரலைத் தூக்கினேன், "ச்சோப்" என்று கத்தினேன். கையில் செருப்போடு மூன்று மாடி ஏறி ஓடிக் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

கீழே நடந்தது ஜன்னல் துவாரம் வழியாகக் கேட்டது. லோரியைக் கொண்டுவந்த மாமாவின் கூட்டாளி பொறுமையிழந்துவிட்டார்.

"ஏறுடா, லோரிய மூணு மணிக்குக் கடைல விடணும்."

"மானா போலே, அண்ணே" என்றான் எதிர்க்கட்சித் தலைவனான மலாய்ப் பையன். அதெப்படி முடியும் என்பது பொருள். எங்களோடு ஆடி ஆடி அவனுக்குத் தமிழும் பாதி வரும். "அவன் ச்சோப் லா. யாரும் போக முடியாது."

"ச்சோப்பா? என்னாடா இது, கல்யாணம் பண்ணப் போறவன்டா அவன்."

"சட்டம் மாமா போட்டது" என்றது ஒரு பெண் குரல். பிறகு பெருத்த சத்தம். மாமாவைச் சுற்றிப் பிள்ளைகள் கைகோத்து நின்றுவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

யாரும் சட்டத்தை மறந்துவிடக்கூடாதே என்ற பதற்றத்தில் நான் உள்ளேயிருந்து "ச்சோப், ச்சோப்" என்று விடாமல் கத்தினேன். சத்தம் கேட்டு உள்ளே வந்த பக்கத்து வீட்டு டீச்சர் அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம். சற்று நேரத்தில் கதவுக்கு அடியில் ஒரு பச்சை நிறச் சோப்புக்கட்டி நகர்ந்து வந்தது.

"புதுசுதான் தம்பி, இன்னும் பிரிக்கல. நல்லாத் தேச்சுக் குளி."

நான் விளக்க முயன்று மேலும் நாலு ச்சோப் போட்டேன். இரண்டாவது கட்டியும் வந்தது.

பிறகு கதவுக்கு வெளியே மாமாவின் குரல். பிள்ளைகள் பேச்சுவார்த்தைக்காக அவரை மேலே அனுப்பியிருந்தார்கள், இரண்டு பேர் காவலோடு. தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் அவசரமில்ல, மாப்ள. நீ மெதுவா வா."

கீழே ஹார்ன் அடித்தது. மாமா அசையவில்லை. நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். சட்டம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பெருமையாக இருந்தது. அம்மா சமையலறையிலிருந்து வந்து நிற்பதும் தெரிந்தது. திட்டு வரும் என்று காதைப் பொத்தினேன். வரவில்லை.

"பாகான் டாலாம்தானே தம்பி" என்றார் அம்மா. "ஃபெர்ரில இருபது நிமிஷம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டீச்சர் அக்கா, ரொட்டிக்காரர், பஸ் கண்டக்டர் எல்லாரும் என்னைத் தம்பி என்பார்கள். அம்மாவுக்கு மட்டும் நான் 'டேய்', கோபம் வந்தால் முழுப்பெயர். இன்று தம்பி என்றால் நிலைமை எனக்குச் சாதகம்.

"எனக்குத் தெரியும்மா" என்று உள்ளேயிருந்து சொன்னேன். அம்மா மறுபடி, இன்னும் தணிந்த குரலில், "இருபது நிமிஷம்தான், தம்பி."

"ஒரு தடவ சொன்னாப் போதும்மா" என்றேன். வெளியே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சாமான் ஏற்றிய தூசி.

மாமா தொண்டையைச் செருமினார். "மாப்ள, ஒரு யோசனை. நீ ச்சோப் எடுக்காத. அப்படியே இருக்கட்டும். ஒம்போதுக்கு ஒம்போது. ஆட்டம் முடியல, நிக்குது. என்னிக்கு எடுக்குறியோ அன்னிக்கு வந்து ஆடுறேன். அதுவரைக்கும் எனக்கு மட்டும் ஒரு பெர்மிட் குடு."

சட்டத்தில் பெர்மிட்டுக்கு இடமுண்டா என்று காவலுக்கு வந்த இருவரும் மலாயில் ஆலோசித்தார்கள். உண்டு என்று தீர்ப்பானது. நான் கதவைத் திறந்தேன். இரண்டு சோப்பு, ஒரு செருப்பு, ஒரு துளி ஈரமில்லாத உடம்பு. அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. மாமா சமையலறைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

லோரி திடலைச் சுற்றிப் போனபோது ஜன்னலிலிருந்து ஒரு கட்டைவிரல் நீண்டிருந்தது. நாங்கள் இருபது பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் கத்திக்கொண்டே சாலைவரை ஓடினோம். அடுத்த ஞாயிறு ஆள் பிரிக்கும்போது மலாய்ப் பையன் முதலில் என்னைத்தான் எடுத்தான். லோரியை நிறுத்தத் தெரிந்தவன் தன் பக்கம் இருக்க வேண்டுமாம். மாமா இல்லாத ஆட்டத்தில் நான் தொண்டை கட்டும்வரை கத்தி ஆடினேன், அவரைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை.

அந்த ச்சோப்பை நான் இன்னும் எடுக்கவில்லை. மாமாவுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது, முழங்கால் சரியில்லை. தீபாவளிக்கு வந்தால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே எனக்குக் கட்டைவிரலைக் காட்டுவார். முறுக்குத் தட்டை முதலில் அவர் பக்கம் நகர்த்துவார் அம்மா. "சாப்பிடு, தம்பி" என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "டேய், நீயும் எடு."

அன்று குளியலறையில் கேட்ட அந்த இரண்டு 'தம்பி'க்கும் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.