ஒரு தடவை அமுக்கினால் ஆமாம்

முடிவெட்டும் கடை வைத்திருப்பவனுக்கு வாய்தான் பாதி மூலதனம். எல்லோரும் சின்னவன் என்று கூப்பிடும் அவன் அந்த மூலதனத்தை ஒருநாளும் சும்மா விட்டதில்லை. முன்மண்டை பளபளக்கும் ஆளிடமும் "போன மாசத்துக்கு இப்ப அடர்த்தி கூடியிருக்கு சார்" என்பான், வாய் கூசாமல். அதே வாய்தான் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலிலும் வேலை செய்தது.

உள்ளே அவனுடைய அண்ணன். தொண்டையில் குழாய், மூச்சு விடுவது இயந்திரம். ஒரு வேளைக்கு ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். அண்ணி முதல் நாள் போய்க் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலைசுற்றி விழுந்தவள், அப்புறம் அந்தக் கதவுப் பக்கமே போகவில்லை. கணவனின் செருப்பு இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே இரும்பு நாற்காலியிலேயே கிடந்தாள். அந்த முகத்தைப் பார்த்து, கண்ணே திறக்கவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? சின்னவன் ஒரு புளுகை அவிழ்த்துவிட்டான்.

"பேச முடியல அண்ணி. ஆனா கையைப் புடிச்சா அமுக்குறாரு. ஒரு தடவைன்னா ஆமா, ரெண்டு தடவைன்னா இல்ல."

அவ்வளவுதான், அண்ணி வேளைக்கொரு கேள்வி கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள். வலிக்குதா? ரெண்டு. என் மேல கோபமா? ரெண்டு. அந்த ஓட்டை ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டுடலாமா? "ரெண்டு, அதுவும் நறுக்குன்னு" என்றான். அவள் சிரித்தேவிட்டாள்.

அன்று பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இனி நினைவு திரும்பாது, இயந்திரத்தை எடுப்பதா வேண்டாமா என்று வீட்டார்தான் சொல்ல வேண்டும் என்றார். வெளியே வந்தவள் அழவில்லை.

"தம்பி, அவர்கிட்டயே கேட்டுட்டு வா. எடுத்துடலாமான்னு."

சின்னவன் உள்ளே போய் அண்ணன் கையைப் பிடித்தான். முதல்முறையாக நிஜமாகவே கேட்டான்.

"அண்ணே, ஒண்ணு. இல்ல ரெண்டு. ஏதாவது சொல்லுண்ணே."

இயந்திரம் தன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை அந்தக் கையைப் பிடித்தபடியே நின்றான்.

"எத்தனை?" என்றாள் அண்ணி.

ஊரையே பேசி மயக்கிய வாய்க்கு ஒரு பொய்கூட வரவில்லை.

"அண்ணி, அவர் அமுக்கல. ஒருநாளும் அமுக்கினதே இல்ல."

"தெரியும். முதல் நாள் நானும் புடிச்ச கைதானே." அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "இன்னிக்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாமே தம்பி. இப்ப நான்தானே சொல்லணும்."

செருப்புப் பையை அவன் கையில் கொடுத்துவிட்டு டாக்டர் அறைப் பக்கம் நடந்தாள்.