கறை பிடிக்காத ஒயின்

என் தம்பியை எல்லாரும் ஆமைன்னுதான் கூப்பிடுவாங்க. கோபமே வராது அவனுக்கு. அவன் பங்குக் கோபத்தையும் நானும் அண்ணனும் எடுத்துக்கிட்டோம்போல. மலை உச்சியில இருக்கிற எங்க மேல்தோட்டத்துத் திராட்சை முழுக்க அவன் பொறுப்பு. விடியறதுக்குள்ள ஏறிடுவான், இருட்டினாத்தான் இறங்குவான். "உனக்குப் பொண்ணு வேணும்னா அந்தக் கொடிங்ககிட்டதான் போய்க் கேக்கணும்"னு திட்டுவேன். சிரிப்பான், அவ்வளவுதான்.

மேல ராத்திரியானா பல்லு கிட்டிக்கிற குளிரு. பழம் அவனை மாதிரியே அவசரமில்லாமப் பழுக்கும். அதுல வர்ற சிவப்பு ஒயின் வெளிறித்தான் இருக்கும். கிளாஸுக்குப் பின்னால விரலை வச்சா ரேகை தெரியும். அங்கதான் வில்லங்கம். அப்பா காலத்துலேர்ந்து எங்க வீட்டுல ஒரு பழக்கம், புது ஒயினை வெள்ளைக் கர்சீப்புல ஒரு சொட்டு விட்டுப் பாக்கறது. துவைச்சாலும் போகாத கறையா நின்னாத்தான் அது ஒயின். அடிவாரத்துல இருக்கிற எங்க கீழ்த்தோட்டத்து ஒயின் மை மாதிரி பிடிக்கும். மேல்தோட்டத்துச் சொட்டு ஒரு அலசுக்கே போயிடும்.

"தண்ணிக்கு வெக்கம் வந்த மாதிரி இருக்கு. இதை எவன்டா குடிப்பான்?"னு கேட்டாரு அண்ணன். கொடியெல்லாம் பிடுங்கிட்டு உருளைக்கிழங்கு போடறதுன்னு முடிவே பண்ணிட்டாரு. திங்கக்கிழமை மிஷின்காரன் வர்றான். தம்பி தட்டுல சோத்தை அளைஞ்சுட்டு அப்படியே எழுந்து போனான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்துது. தம்பி கொண்டுவந்த மேல்தோட்டத்து பாட்டிலைக் குளிரட்டும்னு வாளித் தண்ணியில முக்கி வச்சேன்.

"சிவப்பு ஒயினை யாராவது குளிப்பாட்டுவாங்களா?"ன்னாரு அண்ணன்.

"உங்க மூஞ்சியைப் பாத்து அதுக்கு வேர்த்துடுச்சு. பேசாம உக்காருங்க."

கீழ்த்தோட்டத்து ஒயின் குடிச்சா அண்ணனுக்கு நெஞ்சு எரியும், தலை கனக்கும். பாதிச் சாப்பாட்டுல எழுந்துபோய்ப் படுத்துடுவாரு. அப்பா போனதுக்கப்புறம் மூணு பேரும் சேந்து முழுசா ஒரு வேளை சாப்பிட்ட ஞாபகமே எனக்கில்ல.

அன்னிக்கு ஒரு வாய் குடிச்சாரு. நானும் குடிச்சேன். செர்ரி வாசனை, தொண்டையில குட்டியா ஒரு புளிப்பு, அப்புறம் காலையில ஜன்னலைத் திறந்தா வருமே, அந்த மாதிரி ஒரு குளிர்ச்சி. நாக்குல பாரமே இல்ல. அண்ணன் இன்னொரு துண்டு கோழி கேட்டாரு. பேச்சு வாக்குல அவரே பாட்டிலை எடுத்து ஊத்திக்கிட்டாரு. அப்பா ஜோடி மாறின செருப்போட கல்யாணத்துக்குப் போன கதையைச் சொல்லி, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. தட்டெல்லாம் காஞ்சு போச்சு, மனுஷன் எழுந்திருக்கவே இல்ல. எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா எனக்கு!

மறுபடியும் பாட்டிலைச் சாய்ச்சாரு. காலி.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதையே எடுத்துட்டு வாடா."

தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான். "போன வருஷத்தது இதோட தீந்துதுண்ணே. இனிமே வேணும்னா கொடி இருக்கணும்."

அண்ணன் கிளாஸையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கர்சீப்பை எடுத்து வாயைத் துடைச்சாரு, அதைப் பிரிச்சும் பாத்தாரு. கறைன்னு சொல்ல ஒண்ணுமில்ல. மடிச்சு உள்ள வச்சுக்கிட்டுப் போனை எடுத்தாரு.

"நாளைக்கு மிஷின் வேணாம்பா. இல்லப்பா, செவ்வாய்க்கிழமையும் வேணாம். எப்பவுமே வேணாம்."

தம்பி சட்டுனு கிளாஸையெல்லாம் பொறுக்கிக்கிட்டு சமையலறைக்குப் போனான். பின்னாலயே போனேன். தொட்டிகிட்ட நின்னு தேம்பித் தேம்பி அழறான்.

"குழாயைத் திறடா ஆமை"ன்னேன். "கண்ணீர்ல கழுவினா கிளாஸ் உப்புக் கரிக்கும்."