நிச்சயதார்த்தத்துத் தயிர்

தாராவியில் விஜயராணியின் தயிருக்கு ஒரு பெயர் உண்டு. மழைக்காலத்தில் ஊர்த் தயிரெல்லாம் கொழகொழத்துப் போனாலும் அவள் வீட்டுத் தயிர் மட்டும் கட்டியாக உறைந்து நிற்கும். செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவுவது அவள் வேலை. ஒருநாள் அவளுடைய சாப்பாட்டுத் தூக்கிலிருந்து தயிரை வாங்கி ருசித்த ஜுவைரியா, "அக்கா, உங்க தயிரை உறைய வைக்கிற பூச்சி ஏக்தம் ஸ்ட்ராங். எனக்குக் கொஞ்சம் வேணும்" என்றாள்.

ஜுவைரியா அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண். சில காளான்களைத் தின்றால் சுவரில் மயில் ஆடும், வானம் இறங்கி வந்து பேசும். அந்தச் சரக்கைத் துளியூண்டு மட்டும் தயிர்க் கிருமியே உண்டாக்கும்படி மாற்றிவிட்டால், மனச்சோர்வில் கிடப்பவர்களுக்கு என்றைக்காவது மருந்தாகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எம் பூச்சிக்குக் கெட்ட பழக்கமா சொல்லிக் குடுக்கப் போறிய?" என்று கேட்டாள் விஜயராணி.

"ஒரே ஒரு சமையல்தான்க்கா சொல்லிக் குடுக்கப் போறேன்."

அன்றிலிருந்து வாரம் ஒரு டப்பா தயிர் செம்பூருக்குப் போயிற்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்களிடமெல்லாம் விஜயராணி இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

இதற்கிடையில் மகள் பூமாரிக்கு மான்குர்த்தில் மாப்பிள்ளை அமைந்தது. பூமாரி சயானில் ஒரு நர்ஸிங் ஹோமில் நர்ஸ். மாப்பிள்ளையின் அம்மா சண்முகவடிவோ, கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் வேலைக்குப் போகவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம் என்று பேச்சை நிச்சயதார்த்தத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

திலக் நகரில் சின்னதாக ஒரு ஹால். சமையலுக்கு ஆள் வைத்திருந்தாலும் தயிர்சாதம் மட்டும் தன் கையால்தான் என்று விஜயராணி சொல்லிவிட்டாள். முதல் நாள் பார்த்தால், ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள் வீட்டுத் தயிரைச் சட்டியோடு வழித்துவிட்டார்கள். உறை ஊற்ற ஒரு கரண்டிகூட மிச்சமில்லை. ஆராய்ச்சிக்கூடத்து டீ ரூம் ஃபிரிட்ஜில் தன் நீல மூடி டப்பா இருப்பது ஞாபகம் வரவே, போய் எடுத்து வந்தாள். அண்டாப் பால் அழகாக உறைந்தது.

மறுநாள் பந்தி முடிகிற நேரத்தில் ஜுவைரியா போன் செய்தாள்.

"அக்கா, டீ ரூம் ஃபிரிட்ஜ்ல நீல மூடி டப்பா எடுத்தீங்களா?"

"ஆமா. என் டப்பாதான?"

"லேப்ல ஒரு நீல மூடி டப்பா காணோம்க்கா. மாத்தின பூச்சி இருந்த டப்பா. யாராவது தெரியாம டீ ரூம்ல வச்சிட்டாங்களோன்னு பயமா இருக்கு. நீங்க சாப்பிடலையே?"

"நான் சாப்பிடல. அத உறை ஊத்தி ஊரே சாப்பிட்டாச்சு."

"யா அல்லாஹ்! எலிக்கே இன்னும் குடுக்கலக்கா! யாருக்காவது கலர் கலரா எதாவது தெரியுதான்னு பாருங்க. நான் தேடிட்டுக் கூப்பிடுறேன்."

ஒரு கரண்டி உறை போதும், அண்டாவையே தன் வழிக்கு இழுத்துவிடும். அது விஜயராணிக்குத் தெரியாதா? ஹாலுக்குள் ஓடினாள். பெரிய மாமா வெயிலுமுத்து சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சுவரு சுவராத்தான தெரியுது?"

"பின்ன என்னவாத் தெரியும்? பெயிண்ட் நல்லா அடிச்சிருக்கானேன்னு பாக்கேன்."

மேடையில் மைக் பிடித்து இந்திப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது யார் என்று பார்த்தால், அவள் புருஷன் இசக்கிப்பாண்டி! விசேஷ வீடுகளில் மூலை நாற்காலியை விட்டு எழாத மனுஷன், இவளைப் பார்த்துக் கண்ணடிக்க வேறு செய்தார்.

அதற்குள் சண்முகவடிவு, பூமாரியின் தோளில் கைபோட்டபடி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"மதினி, பிள்ள வேலைக்குப் போவட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்தது. விஜயராணிக்கும் அந்த ஆசை வராமலில்லை. ஆனால் கிறக்கத்தில் கொடுத்த வாக்கை நம்பி மகளை எப்படி அனுப்புவது? சண்முகவடிவைக் கைகழுவும் இடத்துக்குத் தனியாகக் கூட்டிப்போய், காளானில் தொடங்கி டப்பாவரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சண்முகவடிவு பொறுமையாகக் கேட்டு முடித்தாள். "நான் தயிரே தொடலையே மதினி. எனக்குச் சளி."

"பொறவு எப்படிச் சிரிச்சிய?"

"தலை கிறுகிறுக்குன்னு சொன்னேன். உங்க மக பையில இருந்து மிஷினை எடுத்து பிபி பாத்தா. கூட இருக்கு, நீங்க சிரிச்சா கொறையும் அத்தைன்னா. சிரிச்சேன். நெசமாவே கொறஞ்சிட்டு! இவளப் போய் வீட்டுல பூட்டி வைக்கச் சொல்லுதியளா?"

போன் மறுபடி அடித்தது. காணாமற்போன டப்பாவை ஜுவைரியாவின் மேலதிகாரி பூட்டுப்போட்ட ஃப்ரீசருக்கு மாற்றி வைத்திருந்தாராம். டீ ரூமில் இருந்தது விஜயராணியின் சொந்தத் தயிரேதான்.

அப்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. ஒரு இலையைப் போட்டு, அண்டாவின் அடியில் கிடந்த தயிர்சாதத்தைத் தானே அள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேடையில் இசக்கிப்பாண்டி, மகளுக்கு நிச்சயமான சந்தோஷத்திலேயே கிறங்கிப்போய், அடுத்த பாட்டை ஆரம்பித்திருந்தார். அவர் கையிலிருந்து மைக்கை வாங்க, கடைசியில் ஹால்காரரே மேலே ஏறி வர வேண்டியதாயிற்று.